ஆறு அறைகளும் மூன்று தலைமுறைகளும்

2023ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் வசிக்கும் மகளின் வீட்டில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டுக்காரர் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர். நான் தமிழகக் காவல் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்று மகள் வழியாக அறிந்ததும், ஒரு சனிக்கிழமை காலை தம்முடன் துப்பாக்கி சுடும் களத்துக்கு வர அழைத்தார். அவருடன் அவருடைய மகனும் பேரனும் வந்திருந்தார்கள். சுற்றுலா விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியைக் கையாள்வதற்கு அந்நாட்டின் கூட்டரசுச் சட்டம் பல தடைகளை விதித்திருக்கிறது என்பதால், நான் பார்வையாளனாகவே நின்றேன்.

அன்று களத்தில் இருந்த ஏறத்தாழ எல்லோர் கைகளிலும் அரைத் தானியங்கி பிஸ்டல்களே இருந்தன. இந்த மூவர் மட்டும் மேசைமீது ஆளுக்கு ஒரு ரிவால்வரை எடுத்து வைத்தார்கள். பெரியவருடையது, சிற்றூர்க் காவலராக இருந்த அவருடைய தந்தை விட்டுச்சென்ற பழைய .38 ரிவால்வர். மகனுடையது, 1990களில் காவல் துறையொன்று கழித்துக் கட்டியபோது மலிவாக வாங்கியது. இருபத்து மூன்று வயதுப் பேரனுடையது, சம்பாதிக்கத் தொடங்கியபின் சொந்தப் பணத்தில் வாங்கிய புத்தம் புதிய கோல்ட் பைத்தான்.

எனக்கு வியப்பாக இருந்தது. பதினேழு தோட்டாக்கள் கொள்ளும் பிஸ்டல் எளிதாகக் கிடைக்கும் நாட்டில், ஆறே ஆறு தோட்டாக்கள் கொள்ளும் பழைய வடிவத்தை மூன்று தலைமுறைகள் ஏன் விரும்புகின்றன? அந்தக் கேள்விக்கு மூவரும் மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள். அந்தப் பதில்களைக் கேட்டபோது, என் பணிக்காலத்தில் நான் எழுதிய ஒரு விசாரணை அறிக்கை நினைவுக்கு வந்தது. இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கும் அறிக்கை அது.

சுழல்வதும் சறுக்குவதும்

இரண்டு துப்பாக்கிகளுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார்த்துவிடுவோம். திரைப்படங்களில் இரண்டும் ஒன்றுபோலவே வெடிக்கின்றன. ஆனால் உள்ளே நடப்பது வேறு.

ரிவால்வரின் நடுவில் ஓர் உருளை இருக்கிறது. அதில் பெரும்பாலும் ஆறு அறைகள். சிறிய வகைகளில் ஐந்து. ஒவ்வோர் அறையிலும் ஒரு தோட்டா. விசையை அழுத்தும்போது விரலின் பலமே உருளையைச் சுழற்றி அடுத்த அறையைக் குழலுக்கு நேராகக் கொண்டுவருகிறது. அதே பலம் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து விடுவிக்கிறது. எந்திரம் இயங்கத் தேவையான ஆற்றல் முழுவதும் சுடுபவரின் கையிலிருந்து வருகிறது. தோட்டா ஒன்று பழுதாகி வெடிக்கவில்லை என்றால், மறுபடியும் விசையை அழுத்தினால் போதும். அடுத்த அறை வந்து நிற்கும்.

அரைத் தானியங்கி பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகப்படும் மேகசினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு தோட்டா வெடிக்கும்போது எழும் உந்துவிசை மேற்பகுதியான ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கிறது. சுருள்வில் ஸ்லைடை மீண்டும் முன்னுக்குத் தள்ள, அது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்துக் குழலின் அறைக்குள் ஏற்றுகிறது. ஒவ்வொரு முறையும் விசையை அழுத்தினால்தான் சுடும் என்பதால் அது ‘அரை’த் தானியங்கி. இங்கே எந்திரத்தை இயக்கும் ஆற்றல் வெடித்த தோட்டாவிலிருந்து வருகிறது. எனவே தோட்டா பழுதானால் சுழற்சி அங்கேயே நின்றுவிடும். ஸ்லைடைக் கையால் இழுத்து விட்டுத்தான் தொடர முடியும்.

இன்னொரு வேறுபாடு உண்டு. அதுதான் என் அறிக்கையோடு தொடர்புடையது. ரிவால்வரின் உருளையைப் பக்கவாட்டில் திறந்தால் எல்லா அறைகளும் ஒரே பார்வையில் தெரியும். தோட்டா இருந்தால் பித்தளை வட்டம் தெரியும். இல்லாவிட்டால் அறை வழியே வெளிச்சம் தெரியும். பிஸ்டலில் மேகசினை உருவி எடுத்துவிட்டாலும், ஏற்கெனவே ஏறிய ஒரு தோட்டா குழலின் அறைக்குள் மறைந்திருக்கலாம். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தால் மட்டுமே அது கண்ணுக்குப் படும். அறைக்குள் தோட்டா இருப்பதை உணர்த்தும் சிறு குறியை இப்போது சில பிஸ்டல்களில் வைக்கிறார்கள். அதையும் பார்க்கப் பழகியவருக்குத்தான் பயன்.

ஒரு விசாரணை அறிக்கை

நான் 1976இல் உதவி ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தபோது எங்களுக்கு வழங்கப்பட்டது .38 ரிவால்வர். பணி முடிந்து ஆயுதத்தை ஒப்படைக்கும்போது உருளையைத் திறந்து, தோட்டாக்களை உள்ளங்கையில் கொட்டி, எண்ணிக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்திடுவோம். ‘தோட்டாவைக் கொட்டினால் துப்பாக்கி காலி’ என்பது யாரும் வகுப்பெடுத்துச் சொல்லாமலே விரல்களில் பதிந்துபோன பாடம்.

1990களில் நான் பணியாற்றிய மாவட்டத்துக்கு 9 மி.மீ. பிஸ்டல்கள் வந்தன. வந்த சில மாதங்களில் ஒரு காவல் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. ரிவால்வரோடு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பழகிய உதவி ஆய்வாளர் ஒருவர், முந்தைய இரவு ஒரு குற்றவாளியைத் தேடிச் சென்றபோது ஸ்லைடை இழுத்துத் தோட்டா ஏற்றியிருந்தார். காலையில் துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தவர், மேகசினை உருவித் தோட்டாக்களை எல்லாம் மேசைமீது கொட்டினார், எண்ணவும் செய்தார். வெற்று மேகசினைத் திரும்பச் செருகி, பாதுகாப்பு விசையை விலக்கி, சுத்தியலைத் தளர்த்துவதற்காக விசையை அழுத்தினார். அறைக்குள் இருந்த ஒரு தோட்டா வெடித்து, எதிரே அமர்ந்திருந்த நிலைய எழுத்தரின் முழங்காலுக்குக் கீழே பாய்ந்தது. எழுத்தர் உயிர் பிழைத்தார். ஆனால் அதன்பின் தாங்கி நடக்கத்தான் அவரால் முடிந்தது.

விசாரணை அதிகாரி நான். ‘கவனக்குறைவு’ என்று எழுதினேன். உதவி ஆய்வாளருக்கு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. மேசைமீது கொட்டிய தோட்டாக்களை எண்ணியபோது ஒன்று குறைந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும் என்பது என் வாதம். அது தவறான வாதம் அன்று. ஆனால் பதினைந்து ஆண்டுகளாகக் கொட்டிவிட்டால் காலி என்று பழகிய கைகளிடம், கொட்டிய பிறகும் ஒன்றை உள்ளே மறைத்துவைக்கும் எந்திரத்தை எத்தனை நாள் பயிற்சியோடு ஒப்படைத்தோம் என்ற கேள்வியை நான் எழுப்பவே இல்லை. பயிற்சி என்று நடந்தது ஒரு பிற்பகல் நேரச் செயல்விளக்கம் மட்டுமே. அந்தச் செயல்விளக்கத்தில் நானும் இருந்தேன்.

கோல்ட் முதல் கான்பூர் வரை

சாமுவேல் கோல்ட் தமது சுழல் துப்பாக்கிக்கான அமெரிக்கக் காப்புரிமையைப் பெற்றது 1836இல். நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரில் அவர் தொடங்கிய தொழிற்சாலை 1842இல் நொடித்துப்போனது. மெக்சிகோ போருக்காக 1847இல் வந்த ஆயிரம் துப்பாக்கிகளுக்கான அரசு ஆணைதான் அவரை மீட்டது. 1857இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் உலோகத் தோட்டாவைப் பயன்படுத்தும் ரிவால்வரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கௌபாய் படங்களில் நாம் பார்க்கும் கோல்ட் ‘சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி’ 1873இல் வந்தது. 1899இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் வெளியிட்ட .38 ரிவால்வர், பின்னாளில் ‘மாடல் 10’ என்ற பெயரில் அறுபது லட்சத்துக்கும் மேல் தயாராகி, இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கக் காவலரின் அடையாளமாகவே ஆனது.

இந்த வரலாற்றில் இந்தியாவைத் தொடும் கிளையும் இருக்கிறது. பின்னர் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் நியூயார்க் நகரக் காவல் ஆணையராக இருந்தபோது, 1896இல் காவலர் அனைவருக்கும் ஒரே வகையான .32 ரிவால்வரை வழங்கச் செய்தார். ஏறத்தாழ அதே அளவுத் தோட்டாதான் இன்று கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை இந்தியப் பொதுமக்களுக்காகச் செய்யும் .32 ரிவால்வரிலும் பயன்படுகிறது. காவல் துறையும் ராணுவமும் பயன்படுத்தும் 9 மி.மீ. போன்ற அளவுகள் நம் நாட்டில் சாதாரண உரிமதாரர்களுக்கு விலக்கப்பட்டவை என்பதால், நியூயார்க் காவலர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கைவிட்ட தோட்டா இங்கே உயிர் வாழ்கிறது. பெண்களின் தற்காப்புக்கு என்று 2014இல் அறிமுகப்படுத்தப்பட்ட ‘நிர்பீக்’கும் இந்த வகை ரிவால்வர்தான்.

ரிவால்வர் தோற்ற கதை

ராணுவங்கள் ரிவால்வரை முதலில் கைவிட்டன. பிலிப்பைன்ஸ் போரில் .38 ரிவால்வரின் வலு போதவில்லை என்று கண்ட அமெரிக்க ராணுவம், ஜான் பிரௌனிங் வடிவமைத்த .45 பிஸ்டலை 1911இல் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் நடந்த சோதனையில் அந்தப் பிஸ்டல் ஆறாயிரம் தோட்டாக்களைத் தடையின்றிச் சுட்டது. ஆனால் காவல் துறைகள் அதற்குப் பிறகும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ரிவால்வரோடு இருந்தன. காவலர் பெரும்பாலும் துப்பாக்கியை உறையில்தான் வைத்திருப்பார். எப்போதாவது ஒரு முறை எடுத்தால் அது இயங்க வேண்டும். சிறிது அஞ்சினாலும் தற்செயலாக வெடித்துவிடக் கூடாது. ஐந்து கிலோ அளவுக்கு அழுத்தினால்தான் அசையும் ரிவால்வரின் நீண்ட விசை அந்தத் தேவைக்குப் பொருந்தியது.

இரண்டு துயரங்கள் அந்த நம்பிக்கையை அசைத்தன. 1970 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் நியூஹால் பகுதியில் நெடுஞ்சாலைக் காவலர்கள் நால்வர் சில நிமிடங்களில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நால்வருமே இருபத்தைந்து வயதை எட்டாதவர்கள். அவர்களில் ஒருவர் தீர்ந்துபோன ரிவால்வருக்குத் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். ஆறு தோட்டாக்களையும் ஒரே அழுத்தில் நிரப்பும் கருவி அதன் பிறகே அங்கு வழக்கத்துக்கு வந்தது.

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் கூட்டரசுப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ.யின் அதிகாரிகள் எட்டுப் பேர் இரண்டு வங்கிக் கொள்ளையர்களோடு மோதினார்கள். அதிகாரிகளில் இருவர் இறந்தனர்; ஐவர் காயமடைந்தனர். கையில் குண்டடிபட்ட ஓர் அதிகாரியால் தமது ரிவால்வருக்குத் தோட்டா நிரப்ப முடியவில்லை. ரிவால்வர் அன்பர்கள் இதே நிகழ்வின் மறுபக்கத்தை நினைவூட்டத் தவறுவதில்லை: அந்த மோதலை முடித்துவைத்ததும் ஒரு ரிவால்வர்தான். ஒரு கை சிதைந்த நிலையில் எட்முண்டோ மிரெலஸ் என்ற அதிகாரி மற்றொரு கையால் சுட்ட தோட்டாக்களே கொள்ளையர் இருவரையும் வீழ்த்தின. ஆனால் நிறுவனம் எடுத்த முடிவு பிஸ்டலுக்குச் சாதகமானது.

அதே ஆண்டுகளில் ஆஸ்திரியாவிலிருந்து பதினேழு தோட்டாக்கள் கொள்ளும் கிளாக் பிஸ்டல் அமெரிக்கச் சந்தைக்குள் நுழைந்தது. எடை குறைவு, விலை குறைவு, உறுதி அதிகம். நியூயார்க் காவல் துறை 1993இல் பிஸ்டலுக்கு மாறத் தொடங்கியது. ஆனால் இரண்டரை கிலோ அழுத்தத்துக்கே இசையும் கிளாக்கின் விசையைக் கண்டு அஞ்சிய அந்தத் துறை, ஐந்து கிலோவுக்கு மேல் அழுத்தினால்தான் இயங்கும்படி அதை மாற்றி வாங்கியது. பிஸ்டலை வாங்கிக்கொண்டு அதற்குள் ரிவால்வரின் குணத்தைப் பொருத்திய கதை அது. பழைய காவலர்கள் சிலர் ரிவால்வரையே வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டார்கள். அந்தச் சலுகையும் 2018இல் முடிவுக்கு வந்தது.

மூன்று பதில்கள்

இப்படித் தோற்ற பிறகும் ரிவால்வர் மறையவில்லை. 2021இல் அமெரிக்காவில் தயாரான பிஸ்டல்கள் சுமார் 67 லட்சம்; ரிவால்வர்கள் சுமார் 11 லட்சம். ஆறில் ஒரு பங்கு என்றாலும், அழிந்துவரும் பொருளின் எண்ணிக்கை அன்று இது.

ஓஹாயோப் பெரியவர் தம் காரணத்தை ஒளிக்கவில்லை. 1955இல் தொலைக்காட்சியில் தொடங்கி இருபது ஆண்டுகள் ஓடிய ‘கன்ஸ்மோக்’ தொடரைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். அந்த ஒரு தலைமுறை முழுவதுமே அப்படித்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிறுத்திய 1873ஆம் ஆண்டு வடிவத்தை கோல்ட் நிறுவனம் 1956இல் மீண்டும் செய்யத் தொடங்கியதற்கும், ரூகர் நிறுவனம் 1953 முதல் அதே பாணியில் புதிய ரிவால்வர்களை விற்றுப் பெரிய நிறுவனமாக வளர்ந்ததற்கும் தொலைக்காட்சிக் கௌபாய்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ‘இது என் தந்தையின் இடுப்பில் இருந்தது. இதன் பிடியில் தேய்ந்திருப்பது அவருடைய உள்ளங்கை’ என்றார் பெரியவர். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை.

மகனின் காரணம் நடைமுறை சார்ந்தது. அவருடைய அம்மா, பெரியவரின் மனைவி, மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்காமல் அவதிப்பட்டவர். பிஸ்டலின் ஸ்லைடை இழுக்கும் அளவுக்கு அவருக்குப் பலம் இல்லை. உருளையைத் திறந்து மூட முடிந்தது. தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி அழுத்தினால் போதும் என்பதை அச்சத்தில் இருப்பவருக்கும் ஒரே வரியில் சொல்லிவிடலாம் என்பது மகனின் வாதம். அதே மூச்சில், அழுத்த வேண்டிய விசை கனமானது என்பதால் அம்மாவால் ஒருமுறைகூடக் குறி தவறாமல் சுட முடிந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

பேரனின் பதில்தான் என்னை நிறுத்தியது. பைத்தான் ரிவால்வர் 1955இல் அறிமுகமாகி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டு, பழையவற்றின் விலை ஏறிக்கொண்டே போனபின், 2020இல் புது வடிவில் திரும்பி வந்தது. கணினித் துறையில் வேலை செய்யும் அந்த இளைஞன் அதை வாங்கியது அழகுக்காகத்தான் என்று நான் எண்ணியிருந்தேன். அவன் உருளையைத் திறந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினான். ‘நான் பயன்படுத்தும் எந்தப் பொருளும் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்வதில்லை. என் காரும் சொல்வதில்லை, என் கைப்பேசியும் சொல்வதில்லை. இது சொல்கிறது’ என்றான்.

அந்த ஆறு வட்டங்கள் வழியே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தபோதுதான் நிலைய எழுத்தரின் கால் என் நினைவுக்கு வந்தது.

நம்பிக்கையும் உண்மையும்

ரிவால்வர் ஒருபோதும் பழுதாகாது என்று அன்பர்கள் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. அறை குழலோடு சரியாக நேர்ப்படாமல் போவது உண்டு. உருளையின் பின்புறம் வெடிமருந்துத் துகள் சேர்ந்தால் அது மூட மறுக்கும். பிஸ்டலில் ஏற்படும் பெரும்பாலான சிக்கல்களைச் சுடுபவரே சில நொடிகளில் சரிசெய்துவிடலாம். ரிவால்வர் மக்கர் செய்தால் பெரும்பாலும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். இன்றைய நல்ல பிஸ்டல்கள் ஆயிரக்கணக்கான தோட்டாக்களைத் தடையின்றிச் சுடுகின்றன.

வேகத்திலும் ரிவால்வர் பின்தங்கியது என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் அதுவும் கையைப் பொறுத்தது. ஜெர்ரி மிக்குலெக் என்ற அமெரிக்க வீரர் 1999இல் ஆறு தோட்டா ரிவால்வரால் ஆறு முறை சுட்டு, மறுபடி நிரப்பி, மேலும் ஆறு முறை சுட்டு முடித்தது 2.99 நொடிகளில். அது ரிவால்வரின் சாதனை என்பதைவிட, பல்லாண்டுப் பயிற்சியின் சாதனை என்பதே பொருந்தும். மிக்குலெக் எட்டிய வேகத்தை எந்த அன்பரும் தமது ரிவால்வரோடு சேர்த்து விலைக்கு வாங்கிவிட முடியாது.

இதைவிட முக்கியமான உண்மை வேறொன்று. ரிவால்வரின் எளிமை அதை வாங்கியவருக்கு மட்டும் உரியதன்று. பெரும்பாலான ரிவால்வர்களில் தனியாகப் பாதுகாப்பு விசை கிடையாது. தோட்டா நிரப்பி வைத்தால் எந்நேரமும் தயார். வீட்டிலிருக்கும் சிறுவனுக்கும் அது தயார். இந்தக் காரணத்தால்தான் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் சாவியால் பூட்டும் சிறு அமைப்பை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் ரிவால்வர்களின் பக்கவாட்டில் சேர்த்தது. அன்பர்கள் பலருக்கு அந்தச் சாவித் துளை பிடிக்கவில்லை. அது இல்லாத பழையவற்றைத் தேடி அதிக விலை கொடுத்தார்கள். அவர்கள் போற்றும் எளிமைக்கு அந்தத் துளை ஒரு களங்கம்.

அதைவிடவும் பெரிய ஆபத்து துப்பாக்கியின் சொந்தக்காரருக்கே நேர்வது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48 ஆயிரத்துக்கும் அதிகம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொள்ளையனிடமிருந்து காக்கும் என்று வாங்கிய ஆயுதம், வீட்டில் ஒருவர் மனமுடைந்து கிடக்கும் இரவில் என்ன செய்யும் என்பதை ரிவால்வரா, பிஸ்டலா என்ற விவாதத்தில் யாரும் பேசுவதில்லை. அந்த இரவில் ஆறு தோட்டாவும் பதினேழு தோட்டாவும் ஒன்றுதான்.

களத்திலிருந்து திரும்பும்போது காரில் பெரியவரிடம் இதை மெல்லக் கேட்டேன். அவர் சற்று நேரம் சாலையைப் பார்த்தபடி இருந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் மனைவி இறந்த வாரத்திலேயே, தந்தையின் ரிவால்வர் உட்பட எல்லாத் துப்பாக்கிகளையும் மகனின் வீட்டுக்குத் தாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். மகன் அவற்றை இரும்புப் பெட்டியில் பூட்டினார், சாவி எங்கே என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஓராண்டுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனே அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். ‘என்னிடம் இருந்ததிலேயே பாதுகாப்பான துப்பாக்கி எது என்று கேட்டால், அந்த ஓராண்டு என் மகன் வீட்டில் இருந்தவை என்பேன்’ என்றார்.

பின் இருக்கையில் பேரன் பேச்சின்றி அமர்ந்திருந்தான். அது அவனுக்குப் புதிய செய்தி என்று தோன்றியது.

நமக்கும் உண்டு

இது அமெரிக்கர்களின் கதை, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது நம் நாட்டு வழக்கம். நிலைய அதிகாரியாக இருந்த காலத்தில் அப்படி வருபவர்களைப் பல முறை பார்த்திருக்கிறேன். தாத்தா பெயரிலிருந்து அப்பா பெயருக்கும், அப்பா பெயரிலிருந்து தம் பெயருக்கும் உரிமம் மாற்றிக்கொண்டவர்கள் பட்டுத் துணியில் சுற்றிய ரிவால்வரை மேசைமீது வைப்பார்கள். எண்ணெய் காய்ந்து, உருளை இறுகி, பல ஆண்டுகளாக யாரும் திறந்தே பார்க்காதவையும் அவற்றில் இருந்தன. ‘காலிதான் சார்’ என்று உறுதியாகச் சொன்னவரின் ரிவால்வரைத் திறந்தபோது பச்சைப் படிந்த இரண்டு தோட்டாக்கள் உள்ளே இருந்ததும் உண்டு.

ரிவால்வர் தன்னைத் திறந்து காட்டும் எந்திரம் என்று பேரன் சொன்னது உண்மை. ஆனால் திறந்து பார்க்கும் கை வேண்டும். பார்க்காதவருக்கு ரிவால்வரும் பிஸ்டலைப் போலவே ஒரு தோட்டாவை மறைத்துவைக்கும். ஒவ்வொரு முறையும் ஸ்லைடை இழுத்துப் பார்ப்பவரிடம் பிஸ்டலும் எதையும் மறைக்க முடியாது.

மூன்று தலைமுறைகளாக ரிவால்வரை விரும்புகிறவர்களை நான் இப்போது பழமைவாதிகள் என்று நினைப்பதில்லை. எந்திரங்கள் நம்மைக் கேட்காமலே பல வேலைகளைச் செய்துகொள்ளும் காலத்தில், தன் விரலின் பலத்தால் மட்டுமே சுழலும், தன் கண்ணால் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஒன்றின் மேல் அவர்கள் நம்பிக்கை வைக்கிறார்கள். அந்த விருப்பத்தில் மதிக்கத்தக்க ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதைப் பாதுகாப்பு என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. பெரியவரின் வீட்டில் பாதுகாப்பைத் தந்தவை ஒரு மகனின் இரும்புப் பெட்டியும், தாமாகவே கொண்டுபோய்க் கொடுத்த தந்தையின் தெளிவும்தான்.

புதிய ஆயுதமோ புதிய எந்திரமோ எந்தத் துறைக்கு வந்தாலும், பழையதில் பழகிய கைகளை மறுபடியும் பழக்க வேண்டிய கடமை, அதை வழங்குகிறவர்களுக்கு இருக்கிறது. அந்த உதவி ஆய்வாளர் ஓய்வு பெற்று, சில ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். இன்று அந்த அறிக்கை மீண்டும் என் கைக்கு வருமானால், ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை நான் அடிக்க மாட்டேன். அதன் கீழே, ‘இந்த ஆயுதத்தைக் கையாள இவருக்கு முறையான பயிற்சி அளிக்கப்படவில்லை, அதை உறுதிசெய்ய வேண்டியவர்களில் நானும் ஒருவன்’ என்று இன்னொரு வரி சேர்ப்பேன்.